பெஸ்ஸி ஸ்மித்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால், பாட்டு முடிவதற்குள் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. முக்கால்வாசிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றில் பாதி அவர் வாழ்ந்த விதத்தைப் பற்றியவை அல்ல, செத்த விதத்தைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பெஸ்ஸி ஸ்மித் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

ப்ளூஸ் என்ற பாட்டு வகையைப் பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. 1923 முதல் 1931 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக 160 பாடல்கள் பாடியவர். 1920களில் அந்த நாட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய கறுப்பின மேடைக் கலைஞர் அவர்தான். விளம்பரங்களில் முதலில் ‘ப்ளூஸ் ராணி’ என்று போட்டார்கள். பத்திரிகைகள் சீக்கிரமே அதை ‘ப்ளூஸ் பேரரசி’ என்று உயர்த்திவிட்டன. 1937இல், நாற்பதைத் தாண்டிய சில ஆண்டுகளில், சாலை விபத்தில் இறந்தார்.

ஓர் இடத்தில் 1892இல் பிறந்தார் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 1894 என்கிறார்கள். எது சரி?

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1892 ஜூலை என்று பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் அவரே திருமணப் பத்திரத்தில் கொடுத்த தேதி 1894 ஏப்ரல் 15. பெரும்பாலான புத்தகங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொள்கின்றன. தெற்கு மாநிலங்களில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்துக் குழந்தையின் பிறப்பை அன்று யாரும் அக்கறையாக எழுதிவைக்கவில்லை. குழப்பத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

பிறந்த ஊர் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா. அதில் சந்தேகமில்லை. தந்தை வில்லியம் கூலித் தொழிலாளி, பாப்டிஸ்ட் சபையில் உபதேசமும் செய்வார். பெஸ்ஸிக்கு நினைவு தெரியும் முன்பே அவர் இறந்துவிட்டார். பத்து வயதை எட்டுவதற்குள் தாய் லாராவும் இறந்துவிட்டார். மூத்த அக்கா வயோலாதான் தம்பி தங்கைகளை வளர்த்தார். அண்ணன் ஆண்ட்ரூ கிட்டார் வாசிக்க, பெஸ்ஸி தெருமுனையில் பாடி ஆடிக் காசு சேர்த்தார்.

ப்ளூஸ் என்றால் அழுகைப் பாட்டுதானே?

அழுகையும் உண்டு. ஆனால் அதை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் பாதிக்கு மேல் தவறவிடுவீர்கள். பிரிவு, வாடகை பாக்கி, சிறை, வெள்ளம், குடி, காமம், கேலி என்று வாழ்க்கையில் வாய்க்கு வரும் எல்லாமே ப்ளூஸில் உண்டு. பெஸ்ஸியின் கடைசிப் பதிவுகளில் ஒன்றான ‘கிம்மி எ பிக்ஃபுட்’, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் வீட்டு விருந்தொன்றின் கும்மாளம். பன்றிக்காலும் ஒரு பாட்டில் பீரும் கொண்டு வா என்று அதட்டுகிற பாட்டு அது.

வடிவம் மிக எளிது. மூன்று வரிகள். முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதிலாக வரும். மொத்தம் பன்னிரண்டு தாளச் சுற்று, வரிக்கு நான்கு. அந்த நான்கில் குரல் ஏறக்குறைய பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி இடம் பியானோவுக்கோ, டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியமான கார்னெட்டுக்கோ உரியது. பாடுபவர் ஒன்று சொல்ல, வாத்தியம் மறுமொழி சொல்லும். இதைக் காதில் வாங்கிக்கொண்டால் பழைய ப்ளூஸ் எதுவும் பிறகு அந்நியமாக ஒலிக்காது. பெஸ்ஸி பாடியவை எல்லாம் இந்தக் கட்டுக்குள் அடங்கியவை அல்ல. மேடைப் பாடல்களும் அவற்றில் நிறைய.

முறையாகச் சங்கீதம் கற்றாரா? மா ரெய்னி அவரைக் கடத்திக்கொண்டு போய்ப் பாடக் கற்றுக்கொடுத்தார் என்று படித்தேனே?

கடத்தல் கதை கட்டுக்கதை. அண்ணன்களில் ஒருவரான கிளாரன்ஸ், மோசஸ் ஸ்டோக்ஸ் என்பவரின் ஊர்சுற்றும் நாடகக் குழுவில் சேர்ந்திருந்தார். 1912இல் அந்தக் குழு சட்டனூகாவுக்கு வந்தபோது தங்கையைத் தேர்வுக்கு நிறுத்தினார். பெஸ்ஸியைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஆட்டக்காரியாக. ஏனென்றால் பாடுவதற்கு அங்கே ஏற்கெனவே மா ரெய்னி இருந்தார்.

ரெய்னி மூத்தவர், மேடையை ஆளத் தெரிந்தவர். கூட்டத்தின் முன் எப்படி நிற்பது, எப்போது காத்திருப்பது என்பதையெல்லாம் அவரைப் பார்த்து பெஸ்ஸி கற்றிருப்பார். குரலைக் கொடுத்தது ரெய்னி அல்ல. அடுத்த பத்தாண்டுகள் அட்லாண்டாவின் ‘81’ தியேட்டர் தொடங்கி கூடாரம் கூடாரமாக, ஊர் ஊராகப் பாடித் தேய்ந்ததுதான் அவருடைய பள்ளிக்கூடம். ‘திடீரென்று கண்டெடுக்கப்பட்ட திறமை’ என்று எழுதுபவர்கள் இந்தப் பத்தாண்டு உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

மேமி ஸ்மித், கிளாரா ஸ்மித், ட்ரிக்ஸி ஸ்மித் எல்லாரும் அக்கா தங்கைகளா?

இல்லை. ஸ்மித் என்பது அங்கே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். யாரும் யாருக்கும் உறவில்லை. மேமி ஸ்மித் 1920 ஆகஸ்டில் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடிக் கதவைத் திறந்தவர். ஒரு கறுப்பினப் பெண் பாடிய ப்ளூஸ் இசைத்தட்டு அப்படி விற்கும் என்று அதுவரை எந்த நிறுவனமும் நினைக்கவில்லை. கிளாராவும் கொலம்பியாவில் இருந்தவர்தான், பெஸ்ஸியோடு சேர்ந்தும் பாடியிருக்கிறார். பிறகு இருவருக்கும் சண்டை வந்து நட்பு முறிந்தது.

மேமி 1920லேயே பாடிவிட்டாரே, பெஸ்ஸி ஏன் 1923 வரை காத்திருந்தார்?

அவர் காத்திருக்கவில்லை, காக்கவைத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவர் குரலைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அனுப்பின. குரல் கரடுமுரடாக இருக்கிறது, பேச்சில் தெற்குக் கிராமத்து வாடை அடிக்கிறது என்பது அவர்கள் எண்ணம். கறுப்பினத்தவரே நடத்திய பிளாக் ஸ்வான் நிறுவனமும் மறுத்தவற்றில் ஒன்று. வடக்கு நகரங்களில் படித்து முன்னேறிக்கொண்டிருந்த கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்கு அந்தக் குரல் விட்டுவந்த ஊரை நினைவூட்டியது. அந்த வாடைக்காகத்தான் லட்சக்கணக்கானவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

முதல் இசைத்தட்டு எது? எவ்வளவு விற்றது?

‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’. 1923 பிப்ரவரியில் கொலம்பியாவின் ஃபிராங்க் வாக்கர் நியூயார்க்குக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். முதல் நாள் எடுத்தது எதுவும் தேறவில்லை. மறுநாள், 16ஆம் தேதி, கிளாரன்ஸ் வில்லியம்ஸ் பியானோ வாசிக்க, பாட்டு அமைந்தது.

அது புதுப் பாட்டும் அல்ல. ஆல்பெர்ட்டா ஹன்டரும் லவ்வி ஆஸ்டினும் எழுதி, ஹன்டரே முந்தைய ஆண்டு பாடி வெளியிட்டு, எல்லாரும் கேட்டு முடித்திருந்த பாட்டு. அதையே பெஸ்ஸி பாடியபோது ஆறு மாதத்துக்குள் 7,80,000 பிரதிகள் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், தள்ளாடிக்கொண்டிருந்த கொலம்பியாவை நிமிர்த்திய இசைத்தட்டுகளில் அது ஒன்று என்பதை யாரும் மறுக்கவில்லை.

அப்படியானால் கோடீஸ்வரி ஆகியிருப்பாரே?

இசைத்தட்டால் ஆகவில்லை. தொடக்கத்தில் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர் மேலே சொன்ன கிளாரன்ஸ் வில்லியம்ஸ். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த 125 டாலரில் பாதியை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பெஸ்ஸியும் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளவிருந்த ஜாக் கீயும் வில்லியம்ஸின் அலுவலகத்துக்கே போய் அவரை மிரட்டி, ஒப்பந்தத்திலிருந்து விலகினார்கள். பிறகு கொலம்பியா நேரடியாக ஒப்பந்தம் போட்டது.

நேரடி ஒப்பந்தத்திலும் ராயல்டி கிடையாது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். பத்தாயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அதே தொகைதான். 160 பாடல்களுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது சுமார் 28,500 டாலர். அவர் செல்வாக்கோடு இருந்ததெல்லாம் மேடை வருமானத்தில். உச்சத்தில் வாரத்துக்கு 2,000 டாலர் வரை வாங்கினார். அதில்தான் குழுவில் அத்தனை பேருக்கும் சம்பளம், உறவினர்களுக்கு வீடு, கேட்டவர்களுக்கெல்லாம் கைமாற்று.

இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வளர்ப்பு மகன் தரப்பில் கொலம்பியாவின் உரிமையாளர் நிறுவனம் மீது வழக்குத் தொடுத்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று 1979இல் ஃபெடரல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அவர் குரலில் அப்படி என்னதான் விசேஷம்? எனக்குக் கீறல் சத்தம்தான் கேட்கிறது.

கீறலைத் தாண்ட ஒரு வழி சொல்கிறேன். 1925 ஜனவரியில் பதிவான ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர்கள் மூன்றே பேர்: பெஸ்ஸி, கார்னெட் வாசிக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங், ஆர்மோனியத்தில் ஃபிரெட் லாங்ஷா. ஆம், பழைய நாடகக் கொட்டகைகளில் இருந்ததைப் போன்ற, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம்தான். அது இழுத்துப் பிடித்த ஒரே மூச்சாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். அந்தி சாய்வதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்ற முதல் வரியை பெஸ்ஸி பாடி நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் கார்னெட் நுழைந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகும். அடுத்த வரி, அடுத்த மறுமொழி. ப்ளூஸில் குரலுக்குப் பாதி, வாத்தியத்துக்குப் பாதி என்று முன்பு சொன்னது இங்கே பளிச்சென்று தெரியும்.

இப்போது குரலை மட்டும் கவனியுங்கள். அவர் எடுத்துக்கொள்ளும் சுரங்கள் மிகக் குறைவு. மெட்டு எங்கெங்கோ ஏறி இறங்கும் இடத்தில்கூட, தனக்கு வலுவான ஒரு சுரத்தைச் சுற்றியே வளையவருவார். ஏற வேண்டிய சுரத்தைக் கொஞ்சம் கீழேயிருந்து தொட்டு மெல்ல மேலே தள்ளுவார். வார்த்தையைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைப்பார். ஆனால் தாளத்தை ஒருபோதும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக உச்சரிப்பு: நூறு வருடப் பழைய பதிவிலும் ஒரு சொல் விழுங்கப்படவில்லை. அலங்காரமே இல்லாமல் ஒரு வரியை நான்கு விதமாக அழுத்தத் தெரிந்தவர். அடுத்த தலைமுறைப் பாடகிகள் மனப்பாடம் செய்தது இந்த வித்தையைத்தான்.

மைக் இல்லாமல் எப்படி அவ்வளவு பெரிய கொட்டகையில் பாடினார்?

வயிற்றிலிருந்து வரும் குரல், கிட்டத்தட்ட ஆறடி உயரம், பத்தாண்டுக் கூடாரப் பழக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையென்றால் அடுத்த வாரம் வேலை இல்லை என்ற நிலையில் வளர்ந்தவர்.

பதிவறையிலும் தொடக்கத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். 1925 மே மாதத்தில்தான் கொலம்பியா அவரை மின்முறையில் பதிவு செய்யத் தொடங்கியது. எதிரொலியைக் குறைக்கப் பொறியாளர்கள் அறைக்குள் ஒரு துணிக் கூடாரம் கட்டி, பாடகியையும் வாத்தியக்காரர்களையும் அதற்குள் அடைத்தார்கள். நடுவில் கூடாரம் சரிந்து எல்லார் தலைமேலும் விழுந்தது. அந்த யோசனையை அத்துடன் கைவிட்டார்கள்.

சொந்தமாக ரயில் பெட்டி வைத்திருந்தாராமே?

உண்மை. 1925இல் அட்லாண்டாவில் சொல்லிச் செய்த பெட்டி. 78 அடி நீளம், மஞ்சள் வண்ணம், ஏழு தனி அறைகள், சமையலறை, குளியலறை. குழுவோடு கூடாரத்தையும் அதிலேயே ஏற்றிவிடலாம்.

இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அன்றைய தெற்கை நினைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவருக்கு ஓட்டலில் அறை கிடையாது, பல ஊர்களில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, ரயிலில் தனிப் பெட்டியில் ஒதுக்கி உட்காரவைப்பார்கள். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊர் மாறும் ஒரு பெண்ணுக்கு, யார் கதவையும் தட்டாமல் தூங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. யோசனை அண்ணன் கிளாரன்ஸுடையது, பணம் பெஸ்ஸியுடையது.

கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை ஒற்றை ஆளாக விரட்டினார் என்பது நிஜமா, சினிமாவா?

க்ளான் என்பது கறுப்பினத்தவரை வன்முறையால் மிரட்டிய வெள்ளை இனவெறிக் கும்பல். இது 1927 ஜூலையில் வட கரோலினாவின் கன்கார்ட் ஊரில் நடந்ததாக, அவருடைய வரலாற்றை எழுதிய கிறிஸ் ஆல்பர்ட்சன் பதிவு செய்திருக்கிறார். உள்ளே நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. வெளியே முகமூடி அணிந்த சிலர் கூடார முளைகளைப் பிடுங்கத் தொடங்குகிறார்கள். தகவல் வந்ததும் பெஸ்ஸி குழுவின் ஆண்களைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார். முகமூடிகளைக் கண்டதும் ஆண்கள் ஓடிவிடுகிறார்கள். பெஸ்ஸி நேராகப் போய், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கை முஷ்டியை ஆட்டி, வாயில் வந்த வசவையெல்லாம் வைகிறார். அவர்கள் திகைத்து நின்று, பின்னர் இருட்டுக்குள் நழுவிவிடுகிறார்கள். அவர் திரும்பி வந்து, ஓடிப்போன ஆண்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, மேடை ஏறி மீதியைப் பாடினார்.

1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி வெள்ளம் வருவதற்கு முன்பே பாடினாராமே?

‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ஸைச் சொல்கிறீர்கள். பதிவான தேதி 1927 பிப்ரவரி 17. மிசிசிப்பியின் கரைகள் பெரிய அளவில் உடைந்தது ஏப்ரலில். ஆகவே அந்த வெள்ளத்தைப் பற்றிய பாட்டாக அது இருக்க முடியாது. தீர்க்கதரிசனமும் இல்லை. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் கம்பர்லாந்து ஆறு பெருகி நாஷ்வில் நகரம் மூழ்கியது. பாட்டு பிறந்தது அதிலிருந்துதான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எழுதியவர் பெஸ்ஸியே. பியானோ ஜேம்ஸ் பி. ஜான்சன். இடது கை தண்ணீர் மோதுவதுபோல் உருண்டுகொண்டே இருக்கும். ஏப்ரலில் லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தபோது கடைகளில் இந்தத் தட்டு தயாராக இருந்தது. மக்கள் இதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

ஓ, பாட்டும் எழுதுவாரா?

நிறைய. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1928இல் வந்த ‘புவர் மேன்ஸ் ப்ளூஸ்’. பணக்காரனே என்று அழைத்து, உன் மனத்தைத் திற, ஏழைக்கு ஒரு வாய்ப்புக் கொடு, போரில் உனக்காகச் சண்டையிட்டவன் அவன்தானே என்று நேருக்கு நேர் கேட்கும் பாட்டு. பெரும் பொருளாதாரச் சரிவுக்கு முந்தைய வருடம், நாடே செழிப்பில் மிதப்பதாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாடியது.

குடி, அடிதடி, பெண்களுடன் உறவு என்றெல்லாம் சொல்கிறார்களே?

மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. குடித்தார், குடித்தால் கை நீளும். ஜாக் கீயை 1923 ஜூன் 7 அன்று மணந்தார். அவர் இரவுக் காவலாளி. மனைவியின் பணம் பிடித்தது, மேடை வாழ்க்கை பிடிக்கவில்லை. இருபுறமும் துரோகங்கள் உண்டு. பெஸ்ஸிக்குத் தன் குழுவிலேயே சில பெண்களுடன் நெருக்கமான உறவு இருந்தது. அதைக் குழுவினர் அறிவார்கள். கடைசியில் ஜாக், பெஸ்ஸியின் பணத்தைக் கொண்டு ஜெர்ட்ரூட் சாண்டர்ஸ் என்ற இன்னொரு பாடகியின் நிகழ்ச்சியை நடத்துகிறார் என்பது தெரிந்தபோது மணவாழ்வு முடிந்தது. அது 1929. சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. பிந்தைய ஆண்டுகளில் துணையாக இருந்தவர் சிகாகோவின் ரிச்சர்ட் மார்கன். அவருடன் இருந்த காலம் அமைதியானது என்றே எல்லாரும் சொல்கிறார்கள்.

சினிமாவில் நடித்திருக்கிறாரா?

ஒரே படம். 1929இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுக்கப்பட்ட, சுமார் கால் மணி நேரம் ஓடும் ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’. காதலன் தள்ளிவிட்டுப் போனபின் மதுக்கடையில் சாய்ந்து நின்று பாடுவார், சுற்றிலும் இருப்பவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அவர் அசைந்து பாடுவதைப் பார்க்க இருக்கும் ஒரே காட்சி இதுதான் என்பதால், கதையின் பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டு பாருங்கள்.

பிறகு ஏன் சரிந்தார்? குடியாலா?

குடி ஒரு காரணம், முதல் காரணம் அல்ல. பேசும் படமும் வானொலியும் வந்து, அவர் வாழ்ந்த கொட்டகைச் சுற்றுகளைக் காலிசெய்தன. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. பாட்டுத் தட்டு வாங்கக் காசு வைத்திருந்த ஏழைகள் முதலில் நிறுத்தியது அதைத்தான். 1931இல் கொலம்பியா அவரை விட்டுவிட்டது. ‘நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்’ என்ற பாட்டைச் சொந்த வீழ்ச்சியைப் பாடியதாகச் சொல்வார்கள். அது ஜிம்மி காக்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது. பெஸ்ஸி பாடியது 1929 மே மாதம், அவர் இன்னும் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது.

அவர் முடங்கியும் போகவில்லை. 1933 நவம்பர் 24 அன்று இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் ஏற்பாட்டில் நான்கு பாடல்கள் பதிவாகின, பாட்டுக்கு வெறும் 37.50 டாலருக்கு. மூன்று நாள் கழித்து அதே ஹேமண்ட் ஏற்பாட்டில், பின்னாளில் புகழ்பெற்ற ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே தன் முதல் பாட்டைப் பதிவு செய்தார். 1936இல் நியூயார்க்கின் கானீஸ் இன் என்ற இரவு விடுதியில் பில்லிக்கு உடல்நலமில்லாமல் போக, அவருக்குப் பதிலாக மேடை ஏறிய பெஸ்ஸி கைதட்டலை அள்ளினார். ஸ்விங் என்ற புது ஜாஸ் பாணிக்குத் தன்னை மாற்றிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தவரைத்தான் விபத்து கொண்டுபோனது.

வெள்ளையர் மருத்துவமனை சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தானே இறந்தார்?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில்: இல்லை.

நடந்தது இது. 1937 செப்டம்பர் 26, விடியலுக்கு முந்தைய இருட்டு. மெம்ஃபிஸிலிருந்து கிளார்க்ஸ்டேல் நோக்கி 61ஆம் நெடுஞ்சாலையில் மார்கன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த லாரியில் கார் மோதியது. பெஸ்ஸியின் வலது கை முழங்கைப் பகுதியில் ஏறக்குறைய அறுந்தே போனது. உடம்பின் அந்தப் பக்கம் முழுக்க நசுங்கியது. சற்று நேரத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஹியூ ஸ்மித் என்ற வெள்ளைக்கார மருத்துவர் அவ்வழியே வந்தார். அவர் கட்டுப்போட, உடன் வந்த நண்பர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார். ஆம்புலன்ஸ் தாமதமாகவே, மருத்துவர் தன் காரிலேயே ஏற்றிப் போகலாம் என்று பின்னிருக்கையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, வேகமாக வந்த இன்னொரு கார் அவருடைய காரை இடித்து நொறுக்கியது. பிறகு ஆம்புலன்ஸ் வந்து பெஸ்ஸியை நேராகக் கிளார்க்ஸ்டேலின் கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கு எடுத்துப்போனது. கையை அகற்றினார்கள். அன்று முற்பகல் 11.30க்கு உயிர் பிரிந்தது.

மறுப்புக் கதையைப் பரப்பியது அதே ஜான் ஹேமண்ட், அந்த ஆண்டு நவம்பரில் ‘டவுன் பீட்’ பத்திரிகையில். கேள்விப்பட்டதை வைத்து எழுதியதாகப் பின்னாளில் அவரே ஆல்பர்ட்சனிடம் ஒப்புக்கொண்டார். அதற்குள் எட்வர்ட் ஆல்பி அதை நாடகமாக எழுதி, 1960இல் மேடையேற்றம் கண்டு, கதை உலகமெங்கும் போய்விட்டது.

அப்படியானால் அவர் சாவில் இனவெறிக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. அவரை யாரும் வெள்ளையர் மருத்துவமனை வாசலுக்கே கொண்டுபோகவில்லை. மிசிசிப்பியில் எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அப்படி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று ஹியூ ஸ்மித்தே சொன்னார். சின்ன ஊரில், அரை மைலுக்குள் இரண்டு மருத்துவமனைகள், தோலின் நிறத்துக்கு ஒன்று. வாசலில் மறுத்த ஒரு கொடியவன் இருந்தால் பழியை அவன்மேல் போட்டுவிடலாம். மறுக்கவே தேவையில்லாதபடி எல்லாம் முன்கூட்டியே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அதுதான் அதிக ஆத்திரத்தைத் தருகிறது.

மருத்துவரின் கருத்தில், உள்காயங்கள் இருந்த நிலையில் எந்த மருத்துவமனையிலும் பிழைத்திருப்பது அரிது. பொய்க் கதை வேறு ஒரு கெடுதலும் செய்தது. ராயல்டி இல்லாத ஒப்பந்தம், பாட்டுக்கு 37 டாலர், அடுத்த பதிலில் வரும் கல்லறை ஆகிய எல்லாவற்றையும் அது மூடிவிட்டது.

கல்லறையில் பெயர்கூட இல்லாமல் கிடந்தார் என்பது நிஜமா?

நிஜம். பிலடெல்பியாவில் அவர் உடலைப் பார்க்க ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வரிசையில் வந்தார்கள். அக்டோபர் 4 அன்று ஷேரன் ஹில்லில் உள்ள மவுண்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல் வைக்கப்படவில்லை. இடையில் கல்லுக்கென்று திரட்டிய பணமும் கல்லாகவில்லை. அவருடைய தட்டுகளை நிறுவனம் மறுபதிப்பு செய்து விற்றுக்கொண்டிருந்த காலத்திலும் அந்த இடம் வெறும் புல்தரைதான்.

1970இல் ஒரு வாசகி பிலடெல்பியா நாளிதழுக்கு இதைக் கேட்டு எழுத, இருவர் செலவை ஏற்றார்கள். ஒருவர் ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்லின். இன்னொருவர் ஜுவானிட்டா கிரீன், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்தவர். பாட ஆசைப்பட்ட அந்தச் சிறுமியைப் பள்ளிக்கூடத்தை விடாதே என்று பெஸ்ஸி சொல்லி அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் 7 அன்று கல் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த ப்ளூஸ் பாடகி பாடுவதை நிறுத்தப்போவதே இல்லை என்பது அதில் உள்ள வாசகத்தின் சாரம். ஜாப்லின் அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று இறந்தார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? காசு கொடுக்க வேண்டுமா?

மேலே சொன்ன ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’, அடுத்து ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’, பிறகு ‘நோபடி நோஸ் யூ’, கடைசியாக 1933இன் நான்கு பாடல்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வரிசையாக ஓடவிட்டால் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும், குற்றம் அவர்மேல் விழும்.

அமெரிக்கச் சட்டப்படி 1923இல் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. அதன்பின் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக மற்றவையும் விடுபட்டு வருகின்றன. ஆகவே ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ஸை அங்கே யாரும் பிரதியெடுத்துப் பகிரலாம். மற்ற நாடுகளில் அந்தந்தச் சட்டம்.

நீங்கள் சொல்வதில் பாதி ஆல்பர்ட்சன் புத்தகத்திலிருந்து வருகிறது. அவர் சொன்னது மட்டும் எப்படி உண்மையாகும்?

நியாயமான கேள்வி. 1972இல் வந்த அந்தப் புத்தகத்தில் மேடைக்குப் பின்னால் நடந்தவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே சாட்சி, ஜாக் கீயின் உடன்பிறந்தாரின் மகளும் குழுவில் ஆடியவருமான ரூபி வாக்கர். அவருக்கும் விருப்பு வெறுப்புகள் இருந்தன. கூடாரத்தில் நடந்த வசவு வார்த்தைக்கு வார்த்தை அப்படியேதான் இருந்ததா என்றால், அதை ஒருவரின் நினைவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரூபியின் பேட்டி ஒலிவடிவில் கொலம்பியாவின் முழுத் தொகுப்போடு வெளியாகியிருக்கிறது. அவர் குரலைக் கேட்டு நீங்களே எடைபோடலாம்.

பதிவுத் தேதிகள், சம்பளத் தொகை போன்றவை நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து வருபவை. விபத்து பற்றியவை, சம்பவ இடத்தில் மண்டியிட்டுக் கட்டுப்போட்ட மருத்துவரின் வாக்குமூலம். ஹேமண்ட் அந்த இடத்தில் இல்லை. எழுதுவதற்கு முன் அந்த மருத்துவரிடம் கேட்கவும் இல்லை.